ஈரத்துக்குக் கழிவு

அன்புள்ள ஐயா,

ஆறேழு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. பெயர் போட வேண்டாம். ஊரும் வேண்டாம், குலசேகரத்துக்குப் பக்கம் என்று மட்டும் இருக்கட்டும்.

எனக்கு ரப்பர் கடை. அப்பா தொடங்கியது. இருபது சென்ட், ஐம்பது சென்ட் என்று வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் ஷீட்டையும், சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலையும் வாங்கி மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் நடக்கும் அநியாயம் வெளியே இருக்கும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் கொண்டுபோகும் நாலாம் தர ஷீட்டை மொத்த வியாபாரி அஞ்சாம் தரம் என்று எழுதுவார். கேட்டால் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதோ குமிழி, இதோ பூஞ்சை என்பார். எடை குறைவு என்று பணம் பிடிப்பார். பாக்கியை இரண்டு மாதம் இழுப்பார். போன வருடம் மட்டும் இப்படி எனக்குப் போனது 1,85,000 ரூபாய். தேதி வாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சரக்கு கொண்டுவருகிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஒட்டுப்பால் சாக்கில் மேலே உணங்கியது, நடுவில் நேற்று எடுத்த ஈரக்கட்டி, அடியில் மரப்பட்டை. ஒருமுறை செங்கல் துண்டு கிடந்தது. சர்ச்சில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர் கொண்டுவந்த சாக்கு அது.

ஊரோடு ஒத்து நானும் ஈரத்துக்குக் கழிவு பிடிப்பேன். பத்து கிலோவுக்கு ஒரு கிலோ எடையில் குறைப்பேன். எல்லாக் கடையிலும் உள்ளதுதான். தராசிலும் சின்னதாக ஒரு சங்கதி உண்டு, அதை விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு அம்மச்சி வந்தார். எழுபது வயதிருக்கும். முப்பது சென்டில் ஐம்பத்தைந்து மரம், கணவர் இறந்தபிறகு அவரேதான் வெட்டுகிறார். இருபது கிலோ ஒட்டுப்பால். “நல்லா உணக்கிக் கொண்டாந்திருக்கேன் மக்களே, பட்டை ஒண்ணும் கெடையாது” என்றார். கைவிட்டுப் பார்த்தேன். உண்மைதான். இருந்தாலும் கைப்பழக்கத்தில் இரண்டு கிலோ கழித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது என் பாவம் நினைவுக்கு வருவதில்லை, மொத்த வியாபாரியின் முகம்தான் வருகிறது. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று நீதிமொழிகளில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஊர் முழுக்கக் கள்ளத்தராசு இருக்கும்போது நான் மட்டும் நல்ல தராசை வைத்துக் கடை நடத்த முடியுமா? என்னிடமிருந்து பிடுங்கியதை நான் சரிக்கட்டிக்கொள்கிறேன். இது எப்படிக் களவாகும்?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். இதற்குப் பதில் எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தது, அதனால் தள்ளிப்போட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் அவ்வளவு வெளியாள் இல்லை. எங்கள் வீடு அருமனைப் பக்கம். ஒன்றரை ஏக்கர் ரப்பர். இருட்டு விலகும் முன் அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார். பள்ளிக்கூடம் போகுமுன் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்ப்பது என் வேலை. ஆசிட் ஊற்றி உறைந்த பாலை மிஷினில் கொடுத்துக் கைப்பிடி சுற்றியிருக்கிறேன். புகைப்புரையில் கண் எரிய நின்றிருக்கிறேன். சந்தைக்கு முந்தின நாள் அப்பா ஒட்டுப்பால் சாக்கை எப்படி நிரப்புவார் என்பதும் தெரியும். நீங்கள் எழுதியபடியேதான், மேலே உணங்கியது, நடுவில் ஈரம். செங்கல் வைத்ததில்லை. எங்கள் குடும்பப் பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. ஆகவே உங்கள் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவன் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். “கடைக்காரன் எப்படியும் பத்துக்கு ஒண்ணு கழிப்பான் மக்களே. நாம ஒண்ணு கூட்டி வச்சாத்தான் நம்ம எடை நமக்கு வரும்” என்றார். அதே நேரத்தில் அந்தக் கடைக்காரர் தன் மகனிடம், “எல்லாவனும் ஈரத்தைக் கொண்டு வாறான், கழிக்காம என்ன செய்ய?” என்று சொல்லியிருப்பார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இதில் யார் முதல் என்று தேடிப் போனால் திரும்பி வர முடியாது.

இந்த ஏற்பாட்டை வெகுநாள் கழித்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஈரத்தை வைக்கிறவனுக்கும் நஷ்டமில்லை, கழிக்கிறவனுக்கும் நஷ்டமில்லை. இரண்டு களவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு நேராகிவிடுகிறது. அப்பாவுக்கும் கடைக்காரருக்கும் கடைசிவரை நல்ல உறவுதான், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் அளவுக்கு. நஷ்டப்படும் ஆள் ஒருவர்தான், சரக்கை ஒழுங்காக உணக்கிக் கொண்டுவருகிறவர். பத்துக்கு ஒன்று என்பது ஊர் செய்யும் களவுக்கு வைத்த அபராதம். அதைக் கட்டுகிறவர் களவு செய்யாதவர். உங்கள் அம்மச்சி அன்றைக்குக் கட்டியது அதைத்தான்.

இப்போது உங்கள் கடிதத்தையே கொஞ்சம் பார்க்கலாம். கோபப்படாதீர்கள். மொத்த வியாபாரி எடுத்தது ஆயிரம் பிசகாமல் நோட்டில் இருக்கிறது. சரக்குக்காரர்கள் செய்தது பட்டை வரைக்கும், செங்கல் வரைக்கும் இருக்கிறது. யார் எந்த பெஞ்சில் உட்காருகிறார் என்பதுகூட இருக்கிறது. உங்கள் தராசு மட்டும் ‘சின்னதாக ஒரு சங்கதி’. அந்த நோட்டில் தராசுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களா? கிலோவுக்கு எத்தனை கிராம், மாதத்துக்கு எவ்வளவு, அப்பா காலத்திலிருந்தே உண்டா, நீங்கள் தொடங்கியதா? அந்தக் கூட்டலைப் போட்டால் 1,85,000-க்கு மேலே நிற்குமா கீழே நிற்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். உண்மையிலேயே சரிக்கட்டுவதாக இருந்தால், பறிகொடுத்த தொகை திரும்பி வந்த அன்றைக்கு நிறுத்த வேண்டும் அல்லவா? கடன் வாங்கினால் அடைந்த தேதி தெரியும். இதில் அடைந்த தேதி என்று ஒன்று கிடையாது.

அப்புறம், மொத்த வியாபாரியிடம் போன பணத்தை நீங்கள் அவரிடமிருந்து எடுக்கவில்லை. அவருக்கு உங்களால் ஒரு பைசா குறையவில்லை. தீமை செய்தவர் ஒரு வீட்டில் இருக்கிறார், பில்லை வேறொரு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் முப்பது சென்ட் வீட்டுக்கு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகம் எது என்பது இங்கே தேவையில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூர் போக வேண்டிய வேலை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒன்று ஒரு வருடம் என்னைத் தாண்டிப் போனது. எப்படிப் போனது, யார் கையில் எவ்வளவு மாறியது என்பதெல்லாம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வருடம்தான் போகாத ஊருக்கு நான் டி.ஏ. பில், அதாவது பயணப்படி பில், எழுத ஆரம்பித்தேன். முதல் பில்லில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை. மூன்றாவதை வெற்றிலை மென்றுகொண்டு எழுதினேன். எனக்கு வரவேண்டியதைத்தானே எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் வார்த்தையில் சொன்னால், சரிக்கட்டினேன். இப்படி மூன்று வருடம்.

பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன், உங்களுக்கு அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். மேலதிகாரிகளின் ஊழல் கதைகள் எனக்கு இனிக்க ஆரம்பித்தன. முன்பெல்லாம் அப்படி ஒன்றைக் கேட்டால் வயிற்றெரிச்சல் வரும். இப்போது உள்ளே ஒரு சின்ன நிம்மதி. யாராவது மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தால் இரண்டு முறை வாசிப்பேன். டீக்கடையில் நாடு கெட்டுப்போனதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேச ஆளில்லை. கேட்பவர்கள் என்னை நியாயவான் என்று நினைத்தார்கள். பிறருடைய களவுகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன், நீங்கள் நோட்டில் சேர்ப்பது போல. என் பில் நிற்க அவை தேவைப்பட்டன. வீட்டுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி.

அப்போது ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். குழித்துறைக்காரன், முதல் வேலை. வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து ஒரு பில் தயார் செய்து கொடுத்தோம். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, “சார், அன்னைக்கு நான் எங்கேயும் போகலியே” என்று திருப்பிக் கொடுத்தான். வீரமாகவெல்லாம் சொல்லவில்லை. தேதியில் பிழை இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்பது போலச் சொன்னான்.

பதவி உயர்வைப் பறித்தவர்மேல் எனக்கு இருந்த கோபத்தைவிட அந்தப் பையன்மேல் வந்த கோபம் பெரிது. அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ‘சத்தியவான்’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்டோம், வைத்தது நான்தான். பிறகு, மாமனார் வீட்டில் நல்ல வசதி, அதனால்தான் இவனுக்கு நேர்மை கட்டுபடியாகிறது என்று ஒரு பேச்சைக் கிளப்பினேன். அவன் மாமனாரை நான் பார்த்ததுகூட இல்லை. பேச்சு நன்றாகப் பரவியது. இரண்டு வருடம் கழித்து அவனே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

நீங்கள் கேட்டது இது பாவமா, களவா என்று. களவு என்பதில் சந்தேகம் எதற்கு? ஆனால் என்னை பயமுறுத்துவது அது இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பிறர் செய்த தப்பில் நம் தப்பை ஊன்றி நிறுத்திவிட்டால், பிறர் தப்பு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று மனசு விரும்பத் தொடங்கிவிடுகிறது. மொத்த வியாபாரி நாளைக்கே திருந்தி, பழைய பாக்கியையும் கொடுத்து, நாலாம் தரத்தை நாலாம் தரம் என்றே எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா? அவசரப்பட்டு ‘ஆமாம்’ சொல்லாதீர்கள். அன்றைக்கு உங்கள் தராசுக்கு என்ன காரணம் சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் போனது இரண்டு கிலோவுக்காக இருக்காது என்று தோன்றுகிறது. அதைப்போல எத்தனையோ கிலோ கழித்திருப்பீர்கள், தூங்கியும் இருப்பீர்கள். ‘எல்லாரும்’ என்ற சொல்லை அந்த அம்மச்சி வந்து உடைத்துவிட்டார். இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடையில் அவர் ஒருவரா உணக்கிய சரக்கைக் கொண்டுவந்திருப்பார்? சாக்கைப் பிரிக்கும் முன்பே பத்துக்கு ஒன்று கழிப்பவர் கண்ணில் அப்படிப்பட்டவர்கள் பட மாட்டார்கள். எல்லாரையும் ஒரே கழிவில் நிறுப்பது வசதி. யாரையும் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனம் எழுதியிருந்தீர்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவனில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஒலிபெருக்கி வழியாகப் பாதி பைபிள் தெரிந்துவிடும். அதே நூலில், கொஞ்சம் தள்ளி, இருபதாம் அதிகாரத்தில் இருப்பதைப் பாருங்கள்: ‘தீமைக்குச் சரிக்கட்டுவேன் என்று சொல்லாதே.’ நீங்கள் கடைசி வரியில் எழுதிய அதே சொல். மொழிபெயர்த்தவர்களுக்கு எத்தனையோ சொற்கள் இருந்திருக்கும், கடைக்காரர் சொல் வந்து விழுந்திருக்கிறது. வரி வசூலித்த ஆயக்காரன் சகேயுவின் கதையும் உங்களுக்குத் தெரியும். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றவன், மற்ற ஆயக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

எனக்குப் பழக்கமான பக்கத்திலிருந்து சொல்வதானால் ஒரு குறள். பொறையுடைமையில் வருகிறது.

திறனல்ல தற்பிறர் செய்யினும் நோநொந்து
அறனல்ல செய்யாமை நன்று.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது ‘அறனல்ல செய்யாமை’ மட்டும்தான் மண்டையில் ஏறியது. பிறர் தகாததைச் செய்தாலும் நீ செய்யாதே. நல்லது, புரிகிறது. வள்ளுவர் நடுவில் ‘நோநொந்து’ என்று ஒன்றை வைத்திருப்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது. எதற்காக நோவது? நமக்கு ஆன நஷ்டத்துக்கு இல்லை. தகாததைச் செய்தவனுக்கு அதனால் வரப்போகும் துன்பத்தை நினைத்து நோவது என்றுதான் பரிமேலழகர் பொருள் சொல்கிறார். மொத்த வியாபாரிக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டும் என்கிறது குறள். எனக்கு இது கைவந்ததில்லை. பதவி உயர்வை வாங்கிக்கொண்டு போனவரை நினைத்து நான் ஒருநாளும் நொந்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து படுத்தபோதும், உள்ளதைச் சொல்கிறேன், வேறு மாதிரிதான் தோன்றியது. ஆனால் அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்பது மட்டும் இப்போது தெரிகிறது. எதிராளிக்காக நோகிறவனால் அவன் குற்றத்தைத் தன் தப்புக்கு முட்டாக வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு கேள்வி உங்கள் மனதில் வரும், வர வேண்டும். ஏமாந்தவன் பேசாமல் இருக்க வேண்டும், ஏமாற்றுகிறவன் சுகமாக இருக்கலாம், இதுதானா உபதேசம்? பலம் இல்லாதவனுக்குப் பொறுமையைப் போதிப்பது எப்போதும் பலமுள்ளவனுக்குச் சாதகம் இல்லையா?

நம் மண்ணில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். திருவிதாங்கூர் ஆட்சியில் இங்கே ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கூலியில்லாத ஊழிய வேலை இருந்தது, வரிக்கு மேல் வரி இருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்கள் தோளில் சீலை போடுவதற்கே தடை இருந்தது. அவர்களுக்கு இருந்த நியாயத்தில் நூறில் ஒரு பங்கு உங்களுக்கும் எனக்கும் கிடையாது. அவர்கள் போட்டது வெளிச்சண்டை. தடுக்கப்பட்ட சீலையைப் போட்டுக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் சந்தைக்குப் போனார்கள். அடி வாங்கினார்கள், வீடுகள் எரிந்தன. தோளை மறைக்க அனுமதித்து 1859-ல் அரசு அறிக்கை வரும்வரை பல பத்தாண்டுகள் அது நடந்தது. அதே நூற்றாண்டில் இங்கே அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் அரசனை நேராகவே ‘நீசன்’ என்றார், அதற்காகச் சிறையும் கண்டார். அவர் தன் மக்களிடம், அரசன் பிடுங்குகிறான், ஆகவே நீங்களும் பக்கத்து வீட்டுக்காரனிடம் பிடுங்குங்கள் என்று சொல்லவில்லை. துவையல் பந்தி என்று கடலோரத்தில் உட்கார வைத்து, குளித்து, துவைத்து, கட்டுப்பாடாக வாழப் பழக்கினார்.

வெளிப்படையாகச் சண்டை போடுகிறவனுக்கு அநியாயம் முடிய வேண்டும். அதற்காகக் கையில் இருப்பதையும் இழக்கத் தயாராக இருக்கிறான். தராசில் சங்கதி வைக்கிறவனுக்கு அநியாயம் நீடித்தால்தான் பிழைப்பு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடக் கூடாது. மொத்த வியாபாரியோடு சண்டை போடுங்கள். தரத்தை எழுத்தில் கேளுங்கள். ஷீட்டின் தரம் கண்ணால் பார்த்துச் சொல்வது, அதனால்தான் அவரால் விளையாட முடிகிறது. லோடு ஏறும் முன் நீங்களும் இன்னொரு கடைக்காரரும் சேர்ந்து தரம் பிரித்து வையுங்கள். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் இருக்கின்றன, சரக்கை அந்த வழியில் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். அவரை விட்டால் ஆள் இல்லை என்ற நிலையை உடைப்பது கஷ்டம், தெரியும். அம்மச்சியின் இரண்டு கிலோ அதைவிட எளிது, அதனால்தான் கை அங்கே போகிறது.

வைகுண்டரின் தலைமைப் பதி இருக்கும் சாமிதோப்புக்குப் போயிருக்கிறீர்களா? இதுவரை இல்லையென்றால் ஒருமுறை போய்வாருங்கள், மதம் ஒன்றும் தடையில்லை. பள்ளியறையில், அதாவது கருவறையில், சிலை கிடையாது. விளக்கும் கண்ணாடியும்தான். தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நிற்கிறவர் கும்பிடும்போது அதில் தன்னைத்தான் பார்க்கிறார். கும்பிடுகிறவனுக்குள்ளே கடவுள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். நான் போன அன்றைக்கு எனக்குப் பட்டது வேறு. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பதவி உயர்வை எடுத்தவர் முகத்தைத் தேடினாலும் கிடைக்காது. உங்கள் பாவ அறிக்கையில் மொத்த வியாபாரி முகம் வருவதாக எழுதியிருந்ததை வாசித்ததும் அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

கடை விஷயம். நல்ல தராசோடு கடை நடத்த முடியுமா என்று கேட்டீர்கள். ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று எழுதிவிட்டு ஓய்வூதியத்தில் சாயா குடிக்க எனக்கு மனசு வரவில்லை. நஷ்டம் வரும். எவ்வளவு வரும் என்பது நீங்கள் அந்தத் தராசுப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எடையில் எடுக்கும் லாபத்தை விலையில் எடுக்கலாமே. பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்துப் பலகையில் எழுதுங்கள். குறைந்த விலை களவு இல்லை, பார்த்துவிட்டுப் பிடிக்காதவர் போய்விடலாம். குறைந்த எடையில் அந்த வழி கிடையாது. இரண்டு வாரம் கூட்டம் குறையும். உங்கள் தராசு சரி என்று ஊருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் கெட்ட பெயர்தான் வேகமாகப் போகும்.

ஈரத்துக்குக் கழிவு பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈரம் இருந்தால் பிடியுங்கள். சாக்கைத் தரையில் கொட்டுங்கள், நாலு கட்டியைக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காட்டிவிட்டுக் கழியுங்கள். உணங்கியிருந்தால் முழு எடை. நேரம் ஆகும், கை நோகும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் அப்பா அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடையைப் பார்த்திருந்தால் இரண்டு தடவை மாட்டியிருப்பார். மூன்றாவது தடவை நடுவில் ஈரம் வைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மகன் ஆசை, இருக்கட்டும்.

அந்த இரண்டு கிலோவுக்கு வருகிறேன். கழித்ததை எழுதினீர்கள். தராசு அதற்கும் முன்னால் எவ்வளவு எடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். கொடுக்கும்போது “தராசு கோளாறாயிருந்தது அம்மச்சி” என்று சொல்ல வாய் வரும். பாதி உண்மை என்பதால் சுலபமாக வரும். தராசுக்குக் கோளாறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என்ன சொல்வது என்று நான் எழுதித் தர முடியாது. ஒன்றும் சொல்லாமல் பணத்தை மட்டும் நீட்டினாலும் அவருக்குப் புரிந்துவிடும். எழுபது வயது, ஐம்பத்தைந்து மரம். இந்த ஊர்த் தராசுகளைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் போனதை, தெரியாமல் போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போய்வந்தால் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

‘சத்தியவான்’ இப்போது ஓய்வு பெற்றுக் குழித்துறையில்தான் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன்னால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு ஓடிவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சாயா வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மாமனார் பேச்சைக் கிளப்பியது யார் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து குழித்துறைக்கு ஒரு மணி நேரம்தான். அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்.